சுமாரான நாவல்

வியாழக்கிழமை காலைப் படகில்
மீன் லாரிக்கும் பால் டேங்கருக்கும் நடுவே
என் நூலகப் பேருந்தும் ஏறிக்கொள்ளும்.
எஸ்தோனியாவின் மேற்கில்
வரைபடம் மடிகிற இடத்தில் இருக்கிறது தீவு.
மடிப்பில் தேய்ந்து பாதிப் பெயரைக் காணோம்.
ஆறு நிறுத்தம், நாற்பத்திரண்டு அட்டைதாரர்கள்.
பரிசு வாங்கிய புத்தகங்கள் நகரத்திலேயே தங்கிவிடும்.
எனக்கு வருபவை பந்தியில் மிஞ்சியவை.

ஒவ்வொன்றின் பின்னட்டைக்குள்ளும்
ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன்.
படித்தவர் எதையும் எழுதலாம். பெயர் வேண்டாம்.
பெயர் எதற்கு,
கையெழுத்து தெரியாதா எனக்கு.

'குளிர்நாட்டில் தேனீ வளர்ப்பு':
"கவிதை என்று நினைத்து எடுத்தேன்.
கவிதைதான்."

'ஒரு பல் வைத்தியரின் கதை, இரண்டாம் பாகம்':
"முதல் பாகம் எங்கே?
மனைவி ஏன் போனாள் என்று அதில்தான் இருக்கும்."
கீழே பச்சை மையில்:
"இதைப் படித்தாலே தெரிகிறதே."

கடைசி இருபது பக்கம் இல்லாமல்
அச்சகத்திலிருந்தே வந்த துப்பறியும் கதை.
எட்டுப் பேர் படித்துவிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை.
ஊர்வே மட்டும் எழுதினார்:
"எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஆசிரியர்."

சதுப்புநிலப் பாசிகள் பற்றிய தடித்த நூலில்:
"படிக்கவில்லை.
நான்கு கோடையாக என் சன்னல் கதவை
அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிற்கிறது.
நல்ல புத்தகம்."

பிறகு, 'மார்ச்சில் கடந்தவள்'.
உறைந்த கடல்மேல் காரோட்டிப் போகும் ஒருத்தியின் கதை.
எழுதியவர் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.
படகு எஞ்சின் பழுது பார்க்கும் கால்யு,
இரண்டாம் நிறுத்தம், பென்சிலில்:
"பக்கம் 94. பனிச்சாலையில் யாரும் பெல்ட் போட மாட்டார்கள்.
உடைந்தால் குதிக்க வேண்டும்.
இந்த ஆசிரியர் பனிமேல் கால் வைத்ததே இல்லை."

மூன்று மாதம் கழித்துப் பச்சை மை:
"ஆசிரியருக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.
அதனால்தான் போடுகிறாள்."

அன்று பேருந்தை ஓரம் கட்டிவிட்டு
அந்த நாவலை நான் முதன்முதலாகப் படித்தேன்.

"அப்படியானால் 95இல் ஏன்
காபிக் குடுவையை இறுக்கி மூடுகிறாள்?"
"பழக்கம்."
"சாகப் போகிறவளுக்குச் சிந்தினால் என்ன?"
"உங்களுக்குச் சமையலறை தெரியாது."
நான்கு வருடம். மூன்று தாள் ஒட்டினேன்.

என் நாக்குதான் சனி.
போன இலையுதிர்காலத்தில் சொல்லிவிட்டேன்:
பச்சை மை மைமுவுடையது,
ஐந்தாம் நிறுத்தம்.
வேலியோரத்து ஜூனிபர் மரத்தை வெட்டிய வழக்கில்
கால்யு பதினாறு வருடமாகப் பேசாத மைமு.

அவர் புத்தகத்தை மூடினார்,
அவள் குடுவையை மூடியதுபோலவே.
எதிலும் எழுதவில்லை அதன்பின்.
பச்சை மையும் வற்றியது, எப்படியென்று தெரியவில்லை.

கழிப்புப் பட்டியல் ஜனவரியில் வந்தது.
ஒரு வருடம் யாரும் எடுக்காதவை காகித ஆலைக்கு.
அந்த இரவு, பேருந்தின் உள்விளக்கில்,
இடது கையால், நீல மையில் எழுதினேன்:
"பெல்ட்டுக்கு அர்த்தமெல்லாம் இல்லை.
ஆசிரியரின் கவனக்குறைவு.
சுமாரான நாவல்."

எழுதிய கை கூசியது.

கால்யு படியில் நின்றபடியே படித்தார்.
காது சிவந்தது.
"யார் இது?"
"தெரியாதே."
என் பேனாவை நீட்டினேன்.
வாங்கவில்லை. புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
கிளம்பிவிட்டார், முத்திரைகூடக் குத்தவில்லை.

இந்த வியாழன், ஐந்தாம் நிறுத்தம்.
கதவு திறந்ததும்
வணக்கம்கூடச் சொல்லாமல் மைமு கேட்டாள்:
"சுமாரான நாவல் என்று எழுதினானாமே
ஒரு மடையன், யார் அவன்?"

புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.
கால்யு வீட்டில்தான் இருக்கிறது.